வீடு பார்க்க வருகிறவர்களின் கை எங்கே போகிறது: ஓப்பன் ஹவுஸ் வேலைக் குறிப்பு

வீட்டை விற்பது என்று முடிவானதும் தரகர் இரண்டு வழி சொன்னார். கேட்கிறவர்களுக்கு அவரவர் வசதிப்பட்ட நேரத்தில் தனித்தனியாகக் காட்டலாம். இல்லையென்றால் ஒரு நாளைக் குறித்து, இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து வைத்து, பார்க்க நினைக்கிற எல்லாரையும் அப்போதே வரச் சொல்லலாம். நாங்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டோம். குடியிருக்கிற வீட்டைத் தினமும் காட்சிக்குத் தயாராக வைத்திருப்பது நடக்கிற காரியமில்லை. அதோடு, ஓப்பன் ஹவுஸுக்கு வருகிறவர் தன்னைப்போல நாலு பேர் அதே அறையில் நின்று அளவெடுப்பதையும் பார்க்கிறார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போகிறவர் கொஞ்சம் சீக்கிரமாக யோசிப்பார்.

இதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று விசாரித்தால் பூங்கொத்து, மெழுகுவர்த்தி, மெல்லிய இசை என்று யோசனைகள் குவிகின்றன. நாங்கள் செய்ததில் முக்கால்வாசி ஸ்க்ரூ டிரைவரும் உப்புத்தாளும் பிடிக்கிற வேலை. வருகிறவர் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்து கொட்டப்போகிறார். சந்தேகத்தோடுதான் உள்ளே நுழைவார். குழாய் சொட்டுவதைப் பார்த்தால் அவர் வாஷரைப் பற்றி யோசிப்பதில்லை. இதையே கவனிக்காதவர்கள் கூரையை எப்படி வைத்திருப்பார்களோ என்று, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குத் தாவிவிடுகிறார். அந்தத் தாவலுக்கு இடம் கொடுக்காமல் இருப்பதுதான் என் வேலை என்று வைத்துக்கொண்டேன்.

வெளியாளை நடக்கவிட்டது

வேலைப் பட்டியல் போடுவதற்கு முன், இந்த வீட்டுக்குள் அதுவரை வந்திராத ஒரு நண்பரைக் கூப்பிட்டேன். "வாங்கப் போறவர் மாதிரி நடங்க. மனசுல படுறதை வாய்விட்டுச் சொல்லுங்க. நான் எதுக்கும் பதில் சொல்ல மாட்டேன்" என்பதுதான் ஒப்பந்தம். நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனேன். பதில் சொல்லாமல் இருப்பது லேசான விஷயமில்லை. "இந்தக் கதவு ஏன் தரையில இழுக்குது?" என்று கேட்டார். லேசாகத் தூக்கினாற்போல் தள்ளினால் திறந்துவிடும் என்று சொல்ல நாக்கு துடித்தது. வீட்டில் எல்லாருமே அதைத் தூக்கித் தூக்கித்தான் திறக்கிறோம். அது ஒரு பழுது என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது.

அவர் எதைப் பார்த்தார் என்பதைவிட எதைத் தொட்டார் என்பதைத்தான் அதிகம் குறித்தேன். கேட்டின் கொண்டி, வாசல் கதவின் கைப்பிடி, நடையில் இருக்கும் ஸ்விட்ச், ஜன்னல் தாழ்ப்பாள், சமையலறைக் குழாய், சிங்குக்குக் கீழே உள்ள அலமாரிக் கதவு, குளியலறை டைல்ஸின் இடுக்கு, ஃப்ளஷ் பட்டன். கூடத்தில் நாங்கள் பெருமையாக நினைத்திருந்த அலங்கார விளக்கை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே வரிசை முடிவானது. கை படுகிற பொருள் முதலில், கண் படுகிற பொருள் பிறகு, மற்றவை பணம் மிஞ்சினால்.

வாடை

உள்ளே வந்ததும் நண்பர் சொன்ன முதல் வார்த்தையே வாடையைப் பற்றித்தான். "பூட்டிக் கிடந்த மாதிரி இருக்கே." எங்களுக்கு எதுவும் தெரியவில்லை, தெரியவும் தெரியாது. ஒரே வாசனையில் சில நிமிடங்கள் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகி, அதைச் சொல்வதை நிறுத்திவிடுகிறது. வருடக்கணக்கில் குடியிருப்பவர்களுக்குச் சொந்த வீட்டின் வாடை எப்படித் தெரியும்? காலையில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு வெளியே போய், பல மணி நேரம் கழித்துத் திரும்பிவந்து, கதவைத் திறந்ததும் இழுக்கிற முதல் இரண்டு மூச்சு மட்டும்தான் உண்மையைச் சொல்லும். அதற்குள் எந்த அறையிலிருந்து வருகிறது என்று பிடித்துவிட வேண்டும்.

ஒன்று, யாரும் பயன்படுத்தாத பின்பக்கக் குளியலறை. தரையில் உள்ள வடிகாலுக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. புழக்கம் இல்லாவிட்டால் அது வற்றிவிடும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன், அவ்வளவுதான் வேலை. அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டால் தண்ணீர் சீக்கிரம் ஆவியாகாது. இரண்டாவது, துணிகள். திரைச்சீலை, சோபா உறை, மிதியடி எல்லாமே வாடையைப் பிடித்து வைத்திருப்பவை. துவைத்து வெயிலில் போட்டோம். மிதியடியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கினோம். மூன்றாவது, சமையலறையில் புகையை இழுக்கும் விசிறியின் சல்லடை. சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்தபோதுதான் அது வெள்ளி நிறம் என்று தெரிந்தது.

ரூம் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். நான் வீடு வாங்கப் போன காலத்தில் தூக்கலாக வாசனை அடித்த வீட்டில் எல்லாம் எனக்கு ஒரே கேள்விதான் வந்தது: இங்கே எதை மறைக்கிறார்கள்? அதே கேள்வியை என் வீட்டுக்குள் நானே கூட்டிவர வேண்டாமே.

வாடைக்கு நான்காவது காரணமும் ஒன்று இருந்தது. அதற்குத்தான் மற்ற எல்லா வேலையையும் விட அதிக நேரம் போனது.

ஓதம் ஏறிய சுவர்

படுக்கையறையில் ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், பெயிண்ட் பொரிந்து வெள்ளைப் பொடி பூத்திருந்தது. கட்டிலின் தலைமாடு மறைத்திருந்ததால் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தரகர் வந்து பார்த்தார். "சார், சுரண்டிட்டு ஒரு பிரைமர், ரெண்டு கோட்டு. ரெண்டு மாசத்துக்கு வெளிய தெரியாது" என்றார். அந்த இரண்டு மாதம் என்ற வார்த்தைதான் எனக்குச் சரிப்படவில்லை. வாங்குகிறவர் கட்டடம் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தால், ஈரம் காட்டும் மீட்டரைச் சுவரில் வைத்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அப்புறம் நாம் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். அறையின் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிவது ஒரு வகை. சுவருக்குள்ளிருந்து வருவது வேறு வகை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு தடித்த பாலிதீன் தாளைச் சதுரமாக வெட்டி, நாலு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, ஒரு நாளுக்கு மேல் விட்டேன். பிரித்துப் பார்த்தபோது தாளின் அறைப்பக்கம் காய்ந்திருந்தது, சுவர்ப்பக்கம் பொட்டுப் பொட்டாக நீர் கோத்திருந்தது. ஆக, தண்ணீர் சுவருக்குள்ளிருந்துதான் வருகிறது.

அந்தச் சுவரில் குழாய் எதுவும் ஓடவில்லை. தரையோரம் காய்ந்திருந்ததால் மண்ணிலிருந்து ஏறுகிற ஈரமும் இல்லை. மிச்சம் இருப்பது ஜன்னல். தோட்டத்து ஹோஸை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். இந்தச் சோதனையில் தண்ணீரை மேலேயிருந்து விடக் கூடாது. விட்டால் எல்லா இடமும் நனைந்து, எது வழி என்று தெரியாமல் போய்விடும். கீழிருந்து தொடங்கி, ஒவ்வொரு உயரத்திலும் கொஞ்ச நேரம் விட்டு, உள்ளே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மேலே வர வேண்டும். ஜன்னலின் அடிப்படியை எட்டும் வரை ஒன்றுமில்லை. எட்டியதும் உள்ளிருந்து மனைவி குரல் கொடுத்தாள்.

போய்ப் பார்த்தால் இரண்டு குறை. ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கை அடைத்திருந்த சிலிக்கான் பசை, அதாவது சீலன்ட், காய்ந்து வெடித்து, நகம் நுழைகிற அளவுக்குப் பிளந்திருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் படியின் அடிப்பக்கத்தில் நீர் சொட்டி விழுவதற்காக வெட்டுகிற நீளப் பள்ளமான காடியும் இல்லை. காடி இருந்தால் விளிம்பில் வழிகிற மழைநீர் அங்கேயே துளியாகி விழுந்துவிடும். இல்லாவிட்டால் படியின் அடியை ஒட்டியே பின்னால் ஊர்ந்து சுவருக்குள் போகும். விரலை அடியில் வைத்துத் தடவிப் பார்த்தேன். ஓரத்திலிருந்து சுவர் வரை தொடர்ச்சியாக ஈரம்.

பழைய சீலன்ட்டை மிச்சம் வைக்காமல் சுரண்டி எடுத்தோம். சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. பழையதின் மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகிற வேலை அடுத்த மழைக்குத் தாங்காது. காடி வெட்ட கொத்தனாரை வைத்துக்கொண்டோம். கல் வெட்டும் கிரைண்டரை விளிம்புக்குப் பக்கத்தில் பிடிக்க எனக்குக் கை வராது. உள்ளே பூத்திருந்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்து எடுத்தேன். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய், காய்ந்ததும் திரும்பப் பூக்கும்.

காரணத்தை அடைத்தாகிவிட்டது. ஆனால் சுவர் காய வேண்டும். ஒரு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்பது இந்த வேலை செய்கிறவர்கள் சொல்லும் கணக்கு. எங்கள் ஓப்பன் ஹவுஸ் அதற்குள் வந்துவிடும். ஈரச் சுவரின் மேல் பெயிண்ட் அடித்தால் அது மூடி போட்டதுபோல் ஈரத்தை உள்ளேயே வைத்து, கடைசியில் பெயிண்ட்டைத்தான் தள்ளும். அதனால் அந்த இடத்தைச் சுரண்டியபடியே விட்டுவிட முடிவு செய்தேன். கட்டிலையும் நகர்த்தினேன். சுவரில் ஒரு தாள்: என்ன கோளாறு, எங்கிருந்து வந்தது, என்ன சரிசெய்தோம், எந்தத் தேதியில், படங்களோடு. சுவர் காய்ந்த பிறகு பெயிண்ட் அடித்துத் தருவோம் என்ற உறுதியும் அதிலேயே.

தரகருக்கு இதில் சம்மதமே இல்லை. "வீடு பார்க்க வர்றவங்களுக்கு முதல்ல குறையைக் காட்டுற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். பேச்சு நீண்டது. கடைசியில், அந்த அறையை அவர் காட்ட வேண்டாம், நண்பர் காட்டுவார் என்று சமாதானமானோம்.

கதவு, குழாய், ஃப்ளஷ்

தரையில் இழுக்கிற கதவை இழைப்புளியால் சீவத்தான் எல்லாருக்கும் கை பரபரக்கும். முதலில் மேல் கீலைப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் அங்கே ஸ்க்ரூ தளர்ந்து கதவு சாய்ந்திருக்கும். எங்களுடையதில் ஸ்க்ரூ முறுக்க முறுக்கச் சும்மா சுற்றியது, துளை அகன்றுவிட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி, மரப்பசையில் தோய்த்த தீக்குச்சிகளை மருந்து நீக்கித் துளையில் இறுக்கமாகத் திணித்து, காய்ந்ததும் மட்டமாக வெட்டிவிட்டு, அதே ஸ்க்ரூவை ஏற்றினேன். கதவு தூக்கிக்கொண்டது. ஒரு சீவல்கூட எடுக்க வேண்டியிருக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தில் மீட்டர் பொய் சொல்லாது. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரில் இருக்கும் குட்டிச் சக்கரத்தைப் பார்த்தேன். மிக மெதுவாக நகர்ந்தது. சொட்டுகிற குழாய் எதுவும் கண்ணில் படாததால் சந்தேகம் ஃப்ளஷ் டேங்க்கின் மேல் போனது. டேங்க்கில் சில துளி உணவு நிறத்தை விட்டு, யாரும் ஃப்ளஷ் செய்யாமல் கால் மணி நேரத்துக்கும் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருந்தால், கீழே பீங்கானில் நிறம் இறங்கிவிட்டது. அடியில் இருக்கும் ரப்பர் மூடி கெட்டிப்பட்டு வளைந்திருந்தது. அதை மாற்றியதும் மீட்டர் நின்றது.

குழாய் வாயில் படிந்த உப்புக் கறைக்கு வினிகர் நனைத்த துணியைச் சுற்றி ஒரு மணி நேரம் விட்டால் போதும். ஆனால் மார்பிள் மேடையில் அது சொட்டக் கூடாது. கல்லின் பளபளப்பை அரித்துவிடும். இன்னொரு எச்சரிக்கை: சுத்தம் செய்கிற அவசரத்தில் வினிகரையும் பிளீச்சையும் ஒரே இடத்தில் ஊற்றிவிடாதீர்கள். வருவது குளோரின் வாயு. குளியலறை மாதிரி அடைந்த இடத்தில் அது விளையாட்டில்லை.

குளியல் தொட்டியின் ஓரத்தில் கறுத்திருந்த சிலிக்கானை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டோம். குறைந்தது 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது என்பதால் அதை ஓப்பன் ஹவுஸுக்கு முந்தைய நாள் வேலைகளில் வைக்காமல் தள்ளி முன்னாலேயே முடித்தோம். மின்சாரப் பெட்டியில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவு பிரேக்கரின் சோதனைப் பட்டனை அழுத்தினால் உடனே விழ வேண்டும், விழுந்தது. அதோடு அந்தப் பக்கம் வேலை முடிந்தது.

ஆணி அடித்த துளைகளைப் பட்டி வைத்து அடைப்பது எளிது. அதன் மேல் பெயிண்ட் தொடுவதில்தான் வில்லங்கம். பட்டி காயும்போது சுருங்கும், ஆகையால் இரண்டு முறை. தேய்த்து மட்டமாக்கிவிட்டு மிச்சமிருந்த பழைய டப்பா பெயிண்ட்டையே தொட்டாலும், பக்கவாட்டில் வெளிச்சம் விழும்போது திட்டுத் திட்டாகத் தெரிகிறது. அதே நிறம்தான். ஆனால் சுவரில் இருப்பது வருடக்கணக்கில் வெளுத்தது. எனவே, மூலையிலிருந்து மூலை வரை ஒரு முழுச் சுவராக அடித்துவிடுவதே உருப்படியான வழி.

விளக்கு, இடம், அந்தரங்கம்

ஒவ்வொரு பல்பும் கெட்டபோது கிடைத்ததை வாங்கி மாட்டியதால், கூடத்தில் ஒரு மூலை மஞ்சள், ஒரு மூலை நீலம் கலந்த வெள்ளை. தினமும் பார்க்கிறவருக்கு உறைக்காது. புதிதாக வருகிறவருக்கு அறை அழுக்காக இருப்பதுபோல் தோன்றும். பல்ப் அட்டையில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 2700 முதல் 3000 வரை இதமான மஞ்சள், 4000 நடுநிலை, 6500 குளிர்ந்த வெள்ளை. கூடம், படுக்கையறைகளுக்கு 3000, சமையலறைக்கும் குளியலறைக்கும் 4000 என்று ஒரே சீராக மாற்றினோம். மொத்தச் செலவில் மிகக் குறைந்தது இதுதான், பலன் அதிகம் தந்ததும் இதுதான். ஜன்னல் கண்ணாடியை இரண்டு பக்கமும் துடைத்ததை அடுத்ததாகச் சொல்வேன்.

அலமாரிகளைத் திறப்பார்கள். அதை மரியாதைக் குறைவு என்று நினைக்கக் கூடாது. சுவரோடு இருக்கும் அலமாரி வீட்டோடு விலைக்குப் போகிறது. பிதுங்கி வழிகிற அலமாரியைப் பார்த்தால், இந்த வீட்டில் சாமான் வைக்க இடம் போதாது என்றுதான் அர்த்தம் எடுப்பார்கள். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்காவது காலி செய்தோம். எப்படியும் வீடு மாறும்போது கட்ட வேண்டிய மூட்டைதான், இப்போதே கட்டினோம் என்று வைத்துக்கொள்ளலாம். கூடத்தில் நடமாட்டத்தை மறித்த இரண்டு நாற்காலிகளையும் ஒரு மேசையையும் அப்புறப்படுத்தியதும், அறை அளவு அப்படியே இருக்க, இரண்டு பேர் எதிரெதிரே இடிக்காமல் போக முடிந்தது.

இதில் பாதுகாப்புப் பக்கமும் உண்டு, நிறைய பேர் இதை நினைப்பதில்லை. யார் என்றே தெரியாத ஆட்கள் வீடு முழுக்க நடக்கப்போகிறார்கள். நகை, பணம் எல்லாருக்கும் ஞாபகம் வரும். மருந்துகள், உபரிச் சாவிகள், வங்கிக் காகிதங்கள், கடவுச்சீட்டு, வெளியூர்ப் பயணம் குறித்த சுவர் நாட்காட்டி, வைஃபை கடவுச்சொல் ஒட்டியிருக்கும் ரவுட்டர், பிள்ளைகளின் பெயரும் பள்ளியும் தெரிகிற சான்றிதழ்கள் ஆகியவை ஞாபகம் வருவதில்லை. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு வீட்டைவிட்டே வெளியே கொண்டுபோனோம். பூட்டிய அலமாரி ஒன்று வீட்டில் இருந்தால், 'அதுக்குள்ள என்ன?' என்று ஒருவராவது கேட்பார்.

படங்களை அறையின் மூலையில் நின்று, நெஞ்சு உயரத்தில் கேமராவைச் சாயாமல் பிடித்து எடுத்தோம். அகலக் கோண லென்ஸ் வேண்டாம் என்றேன். படத்தில் மண்டபம் மாதிரி தெரிந்து, நேரில் வந்ததும் முகம் வாடிப்போவதற்கு நாமே வழி செய்வானேன்?

காகிதமும் ஆளும்

வருகிறவர்கள் கையில் கொடுக்க இரண்டு பக்கத் தாள் ஒன்று தயாரித்தோம். முதல் பக்கத்தில் வரைபடமும், டேப் பிடித்து எடுத்த அளவுகளும். அறை அளவு மட்டும் போதாது. ஃபிரிட்ஜ் நிற்கும் இடம், வாஷிங் மெஷின் இடம், மாடிப்படி திரும்புகிற இடத்தின் அகலம் இவற்றைத்தான் கேட்கிறார்கள். வாங்கினபிறகு கட்டில் மேலே ஏறுமா என்பது அவர்களுக்கு நிஜமான கவலை. இரண்டாம் பக்கத்தில் கட்டிய ஆண்டு, கூரை, குழாய், மின்கம்பி வேலைகள் கடைசியாக எப்போது நடந்தன, கடந்த 12 மாத மின்சார, தண்ணீர்க் கட்டணம், வீட்டோடு வருவது எது, நாங்கள் எடுத்துப்போவது எது. இந்தக் கடைசி வரியை எழுதாமல் விட்டால், விலை படிந்த பிறகு ஒரு மின்விசிறிக்காகச் சண்டை வரும்.

அடுத்தது, அன்றைக்கு வீட்டில் யார் இருப்பது. நாங்கள் இருக்கக் கூடாது என்றார் தரகர். இதில் அவர் சொன்னது முழுக்கச் சரி. உரிமையாளர் பக்கத்தில் நின்றால் யாரும் வாய் திறந்து குறை சொல்லமாட்டார்கள். குறை சொல்லாதவர்கள் வாங்குவதும் இல்லை. இன்னொன்று, சொந்தப் பொருளைப் பற்றி நம் கணக்கே கோணலானது. 1990-இல் டேனியல் கானெமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தேலர் மூவரும் வெளியிட்ட ஒரு சோதனை பிரபலம். மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காபிக் கோப்பையைக் கொடுத்துவிட்டு விற்கச் சொன்னார்கள். கையில் வந்து சில நிமிடங்களே ஆன கோப்பைக்கு, வாங்கத் தயாராக இருந்தவர்கள் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு அளவுக்கு விலை கேட்டார்கள். கோப்பைக்கே அப்படியென்றால், பிள்ளைகள் வளர்ந்த வீட்டைப் பற்றி ஒருவர் "சின்னதா இருக்கே" என்று சொல்லும்போது பக்கத்தில் நின்று நான் சும்மா இருந்திருப்பேனா?

ஆக, வாசலில் தரகர், உள்ளே நண்பர். பெயரும் எண்ணும் எழுதிவிட்டு உள்ளே போக வேண்டும். நண்பருக்கு நான் சொன்ன விதி ஒன்றுதான்: பின்னாலேயே ஒட்டிக்கொண்டு போகாதீர்கள், "இது சமையலறை" என்று கண்ணுக்குத் தெரிவதைச் சொல்லாதீர்கள், கேட்டால் மட்டும் பதில். தெரியாததை எழுதிவைத்துக்கொண்டு, கேட்டுச் சொல்கிறேன் என்று சொன்னால் போதும். "அக்கம்பக்கத்தில் எப்படிப்பட்ட ஆட்கள்?" என்று கேட்டால் மனிதர்களைப் பற்றிப் பேசாமல் சத்தம், வண்டி நிறுத்தும் இடம் பற்றி மட்டும் பேச வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன்.

அந்த இரண்டு மணி நேரம்

நேரத்தைச் சூரியனைப் பார்த்து முடிவு செய்தோம். கூடத்தில் வெயில் நேராக விழுகிற நேரத்தில் கண் கூசும், அறை சூடாகும். அது சாய்ந்த பிறகு இரண்டு மணி நேரம். பக்கத்து வீடுகளுக்கு முன்னாலேயே சொல்லிவிட்டோம். வண்டிகள் அவர்கள் வாசலில் நிற்கப்போகின்றன என்பதற்காக மட்டுமில்லை. அக்கம்பக்கத்தவர்கள் வேடிக்கை பார்க்க வருவார்கள், வரட்டும். பக்கத்திலேயே ஒரு வீடு கிடைத்தால் சொல்லச் சொன்ன சொந்தக்காரர் யாராவது அவர்களுக்கு இருப்பார்.

காலையிலேயே எல்லா உள்கதவுகளையும் திறந்து வைத்தோம். மூடிய கதவின் முன் வந்தவர்கள் தயங்கி நிற்பார்கள். குப்பைக்கூடையைக் காலி செய்து, டாய்லெட் மூடியை மூடி, நாயை உறவினர் வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் கிளம்பினோம்.

நடந்ததை நண்பர் சொல்லித்தான் தெரியும். முதல் அரை மணி நேரம் கிட்டத்தட்ட யாருமில்லை, அப்புறம் ஒரே கூட்டம். ஒரு அம்மா வந்ததும் நேராகச் சிங்குக்குக் கீழே குனிந்து, அலமாரியின் அடிப்பலகையை விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருக்கிறார். ஊறிப்போன பலகை மொத்தென்று கேட்கும், காய்ந்தது டக்கென்று கேட்கும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஒரு இளைஞர் மாடிக் குளியலறையில் ஷவரைத் திறந்து வைத்துவிட்டு, கீழே ஓடிவந்து சமையலறைக் குழாயையும் திறந்து, நீரின் வேகம் குறைகிறதா என்று சோதித்தாராம். இரண்டு பேர் மீட்டர் டேப்போடு வந்திருந்தார்கள். நண்பர் தாளை நீட்டியும், தாங்களே அளந்து ஒப்பிட்டுப் பார்த்து, எண்கள் ஒத்துப்போனதும் டேப்பை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள்.

படுக்கையறைச் சுவரின் முன்னால் கிட்டத்தட்ட எல்லாருமே நின்றார்கள். சிலர் முகம் சுளித்துவிட்டுப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தாளை முழுக்கப் படித்து, வெளியே போய் ஜன்னல் படியின் அடியில் விரலை ஓட்டிக் காடியைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து, "கூரைக்கும் இதே மாதிரி படம் இருக்கா?" என்று கேட்டார். இருந்தது.

போகும்போது ஒவ்வொருவரிடமும் நண்பர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "உங்களை யோசிக்க வைக்கிற விஷயம் இங்க என்ன?" வீடு பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள், அதில் ஒன்றும் கிடைக்காது. இந்தக் கேள்விக்கு மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வந்தது. விலை, இரண்டாவது படுக்கையறையின் சிறிய அளவு, பின்வாசல் விளக்கு மங்கல். அளவை மாற்ற முடியாது. விளக்கை மாற்றினோம். விலையைக் குறைக்க வேண்டாம், பேரத்துக்கு இடம் வைத்துக்கொள்வோம் என்று தரகர் சொன்னதை ஏற்றுக்கொண்டோம்.

கூட்டம் கலைந்து கதவைப் பூட்டியதும் நண்பரிடம் சொல்லியிருந்த கடைசி வேலை, எல்லா ஜன்னல் தாழ்ப்பாளையும் பின்கதவையும் ஒரு சுற்றுப் பார்ப்பது. யாராவது தெரிந்தோ தெரியாமலோ திறந்துவிட்டுப் போயிருக்கலாம். ஒரு ஜன்னல் திறந்துதான் இருந்தது.

பெயர் எழுதியவர்களை மறுநாளே தரகர் அழைத்தார். இரண்டு பேர் விலை சொன்னார்கள். அதிகம் சொன்னவர் கடன் இன்னும் உறுதியாகாதவர். இன்னொருவர் சுவரில் கை வைத்துப் பார்த்தவர். அவருடைய கடிதத்தில் ஒரு நிபந்தனை இருந்தது: பத்திரத்துக்கு முன் தன் ஆள் வந்து ஈரம் அளப்பார், காய்ந்திருந்தால் மேற்கொண்டு பேசலாம். சம்மதித்தோம். அவருடைய ஆள் வந்து மீட்டரைப் பழுது இருந்த இடத்தில் ஒரு முறை, அதே சுவரில் பழுது இல்லாத மூலையில் ஒரு முறை வைத்தார். இரண்டு எண்ணுக்கும் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் இருந்தது. பெயிண்ட் செலவை விலையில் கழித்துக்கொண்டு, முழுக்கக் காய்ந்ததும் தாங்களே தங்களுக்குப் பிடித்த நிறத்தில் அடித்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் கொடுத்தார்கள்.